சுரங்கத்தடியில் காத்திருந்த வகுப்பு

மஹய்யாவ,
கண்டி.

தம்பி,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் இருக்கும். பதில் எழுதச் சுணங்கியதற்குக் கைவலி காரணமில்லை, கோபம்தான் காரணம். கோபத்தோடு எழுதினால் எழுத்து கோணிப் போகும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள் எழுத்து கோணலாக இருக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். இப்போது முக்கால்வாசி ஆறிவிட்டது. மிச்சத்தை நீ வாங்கிக்கொள்.

கல்யாணத்தைத் தையிலேயே முடித்துவிடலாம் என்கிறாய். கொழும்பில் வீடு பார்த்தாயிற்று, துறைமுகக் கந்தோரில் லீவும் சொல்லியாயிற்று என்கிறாய். எல்லாம் சந்தோஷம். பெரிய சங்கதியைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைப்பது உன் அப்பாவின் பழக்கம், அது உனக்கும் வந்திருக்கிறது. மரகதம் தோட்டத்துப் பள்ளிக்கூட வேலையை இப்போதே விட்டுவிடட்டும், பரீட்சையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள் அம்மா என்று எழுதியிருக்கிறாய். அவள் கேட்பாள் என்பது உண்மை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிற அரிவரி வகுப்புத்தானே, அது என்ன பெரிய வேலையா என்பது உங்களுக்குத் தெரியாததா? இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் நீங்கள் எங்களைச் சுரங்கத்தடிக்கு ரயில் பார்க்கக் கூட்டிப் போவீர்களே, வருஷத்திலேயே அதுதான் எனக்குப் பிடித்த நாள்" என்றும் எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது அந்த வரியில்தான். உன் மேல் என்று சொல்ல முடியாது. அந்த நாள் எனக்கு என்னவாக இருந்தது என்று இத்தனை வருஷமும் நான் உன்னிடம் சொல்லவில்லையே, உனக்கு எப்படித் தெரியும்?

முதலில் மரகதத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீ அவளைப் பெண் பார்த்தது ஒரே ஒரு தரம், அதுவும் காப்பித் தம்ளருக்கு மேலால். நான் அவளுடைய தோட்டம் இருக்கிற மடுல்கெல்லைக்கு நாலைந்து தரம் போய் வந்துவிட்டேன். அவளுடைய அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, அது உனக்குத் தெரியும். அவளுடைய பள்ளிக்கூடத்தை நீ பார்த்ததில்லை. தேயிலை ஆலைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரே அறை. காலையில் தாய்மார் கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறியதும், பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். அ எழுதுகிற பிள்ளை ஒரு பக்கம், வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை ஒரு பக்கம், நடுவில் சும்மா தவழ்கிறதும் மூக்கு ஒழுகுகிறதுமாக ஒரு கூட்டம். இத்தனையும் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து ஆசிரியர் வகுப்பில் உட்கார்ந்து, போன வருஷம் எழுத்துப் பரீட்சையில் தேறியிருக்கிறாள் அந்தப் பெண். ஆனால் எழுத்தில் தேறினால் மட்டும் தராதரப் பத்திரம் வராது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அவள் அரிவரிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவதைக் கண்ணால் பார்த்து மார்க் போட வேண்டும். அவர் வருவது மாசியில். வேலையை விட்டவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லாதவளைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வர மாட்டார். கொஞ்ச காலம் போனால் எழுத்தில் தேறியதுகூடச் செல்லாமல் போய்விடும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொழும்பில் உனக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு பிள்ளையையும் பெற்றுக்கொண்டு, அவள் முதலிலிருந்து தொடங்குவாள் என்று நீ நினைக்கிறாயா? தொடங்க மாட்டாள், தம்பி. எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேட்டால், நானும் அதே எழுத்துப் பரீட்சையில் தேறியவள்தான். உனக்கு அப்போது நாலு வயது நடந்துகொண்டிருந்தது. பகலில் பள்ளிக்கூடம், உன்னையும் வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்த்திக்கொள்வேன். சனிக்கிழமை ஆசிரியர் வகுப்பு. வீட்டில் புத்தகத்தை விரித்து உட்கார எங்கே நேரம்? அம்மிக்கு நேரே சுவரில் கரியால் எழுதி வைத்துக்கொண்டு, அரைத்தபடியே மனப்பாடம் செய்தேன். தாளிக்கிற புகையில் எழுத்து மறைந்ததும் மறுபடி எழுதுவேன். கற்பித்தல் முறைப் புத்தகத்தில் ஒரு பிள்ளை வரும். துடைத்து வைத்த முகத்தோடு சின்னக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வண்ண மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு பிள்ளையை நான் இன்றுவரை கண்டதில்லை. என் பிள்ளைகள் பசியோடு வந்து, அழுது, பக்கத்துப் பிள்ளையைக் கடித்து, பிறகு என் மடியிலேயே தூங்கிப் போவார்கள். மரக்கட்டைக்குப் பதில் ரப்பர் கொட்டை பொறுக்கி வந்து எண்ணக் கற்றுக்கொடுத்தேன். அதில் இரண்டை நீ வாய்க்குள் போட்டுக்கொண்டு பட்ட பாடு உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கிறது.

உன் அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அரிசிக் கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்தும், நான் படிக்க வேண்டும் என்றால் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பார். ஆனால் அவருக்கு அது எல்லாம் ஒரு விளையாட்டு. "ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கிறதுக்குமா பரீட்சை?" என்று சிரிப்பார். நான் ஏதாவது கெஞ்சிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும், பிறகு பார்க்கலாம். அந்த மனுஷன் எனக்கு எதையும் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம் என்றார். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நாடெல்லாம் மலேரியாக் காய்ச்சல் அடித்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். நம் பள்ளிக்கூடம் தடுப்புச் சுவர் இல்லாத ஒரே நீளக் கூடம் என்பது உனக்கு நினைவிருக்கும். ஒரு மூலையில் சின்னது ஒன்று அழுதால் மறு மூலையில் ஐந்தாம் வகுப்புக்காரன் கணக்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். இன்ஸ்பெக்டர் பெரிய வகுப்புகளைத்தான் சோதிப்பார். அவர்கள் சரியாகப் பதில் சொன்னால்தான் பள்ளிக்கூடத்துக்கு மானியம் வரும். அரிவரிப் பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. அதனால் அன்றைக்குக் காலையில் பெரிய வாத்தியார் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், மிக மரியாதையாக, சின்னதுகளைக் கொஞ்சம் வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்வார். பிள்ளைகளை ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கச் சொல்லி, தண்டவாளத்து ஓரமாக நடத்திக்கொண்டு போய், மாத்தளை ரயில் புகுந்து வெளிவருகிற சுரங்கத்துக்கு மேலே, அந்த மரத்தடியில் உட்கார வைப்பேன். ரயில் பெட்டிகளை எண்ணச் சொல்வேன். சுரங்கத்துக்குள் கூவிவிட்டு எதிரொலி வருகிறதா என்று கேட்கச் சொல்வேன். உங்களுக்குக் கொண்டாட்டம். நானும் பாட்டுச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் பாடத்தைப் பார்த்து மார்க் போட வேண்டிய ஒரே மனிதர் வருஷத்தில் ஒரு நாள் வருகிறார், அந்த ஒரு நாளில் நான் எங்கே இருக்கிறேன் பார்த்தாயா?

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று நினைக்காதே. எழுத்தில் தேறியதுமே பெரிய வாத்தியாரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. இந்த வருஷம் இல்லாவிட்டாலும் அடுத்த வருஷம் கட்டாயம் என்றார். அடுத்த வருஷம் வந்தது. நான் மூன்றாம் வகுப்புக்கு ஒரு பாடம் தயார் பண்ணி வைத்திருந்தேன், மழை எப்படி உண்டாகிறது என்று. கெண்டி, மூடி, எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்திருந்தேன். நல்ல சேலையும் உடுத்தியிருந்தேன். "பெரிய வகுப்பு முடிஞ்சதும் ஆள் அனுப்புறேன் டீச்சர், நீங்க வந்து பாடத்தை நடத்துங்க. அதுவரைக்கும் சின்னதுகளைச் சத்தம் போடாமப் பார்த்துக்கங்க" என்றார். சரி என்று சுரங்கத்தடிக்குப் போனோம். அப்போது உனக்கு ஐந்து வயது. நான் அடிக்கடி பாதையைப் பார்ப்பதை நீ கவனித்துவிட்டாய். பிள்ளைகளுக்கு ரயிலைக் காட்டிவிட்டு நான் பள்ளிக்கூடப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். "நம்மள எப்பம்மா கூப்பிடுவாங்க?" என்று கேட்டாய். இப்பக் கூப்பிடுவாங்க என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாய். மறுபடி அதையே சொன்னேன். போன ரயில் மாத்தளையிலிருந்து திரும்பியும் வந்துவிட்டது. ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கியதும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். இன்ஸ்பெக்டருடைய கார் போய், தூசியும் அடங்கியிருந்தது. பெரிய வாத்தியாருக்கு அன்று தலைகால் புரியவில்லை, பெரிய வகுப்பு அவ்வளவு நன்றாகச் செய்திருந்ததாம். என்னைப் பார்த்ததும்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். மறந்தே போய்விட்டாராம். அவர் என்னை வஞ்சம் பண்ணியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது, தம்பி. மறந்துவிட்டார். நீ அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம், இன்றைக்கு ரயிலை இரண்டு தரம் பார்த்தோம் என்று குதித்தாய்.

அதற்கு அடுத்த வருஷம் நான் வெளியே போகவில்லை. போகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு, பிள்ளைகளோடு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். வந்தவர் யாழ்ப்பாணத்து மனிதர், வயதானவர், கண்டிப்பானவர் என்று பெயர். பெரிய வாத்தியார் என்னைப் பார்த்து விழியை உருட்டினார், நான் பார்க்காததுபோல இருந்தேன். என் பிள்ளைகள் அன்று சத்தமே போடவில்லை. ரப்பர் கொட்டையை எண்ணினார்கள், சிலேட்டில் எழுதினார்கள், பாட்டுக்குக் கைதட்டச் சொன்னால் ஓசை வராமல் தட்டினார்கள், அதை ஒரு விளையாட்டாகவே பழக்கி வைத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் நடுவில் நிறுத்தி, என் மூலைக்கு வந்து, கதிரையைப் போடச் சொல்லி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பிள்ளை எழுந்து போய் அவருடைய கடிகாரச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அவர் சிரித்தார். நான் எழுத்துப் பரீட்சையில் தேறியவள், மூன்றாம் வகுப்புக்குப் பாடம் தயாராக இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் போய்விட்டது, வருகிற முறை பார்ப்போம் என்றார். போகும்போது பெரிய வாத்தியாரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்த ரீச்சரை இந்த வகுப்பை விட்டு ஒருக்காலும் மாத்திப்போடாதேங்கோ."

அன்றோடு கதவு சாத்தப்பட்டது. அதைச் சாத்தியது ஒரு பாராட்டு. வருகிற முறை அவர் வரவில்லை, வேறு ஒருவர் வந்தார். நான் பேச்செடுத்தாலே பெரிய வாத்தியார், இன்ஸ்பெக்டர் ஐயாவே சொல்லிவிட்டாரே, உங்களைப் போல இந்தச் சின்னதுகளை யாரால் வைத்திருக்க முடியும் என்பார். மறுபடி சுரங்கத்தடிக்கு அனுப்பினார். எழுத்தில் தேறியது செல்லாமல் போனது. உன் அப்பா அந்தப் பாராட்டைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிவந்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன். வேலையைச் சரியாகச் செய்யத் தெரியாதவளாக இருந்திருந்தால் என்னை அந்த வகுப்பிலிருந்து என்றோ மாற்றியிருப்பார்கள். நன்றாகச் செய்ததனால் அங்கேயே இருக்கிறேன். என்னிடம் அ படித்த இரண்டு பெண்கள் பத்திரத்தோடு வந்து அதே கூடத்தில் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாவம், என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். நான் இன்னும் பாயில்தான். இப்போது முழங்கால் மடக்கினால் நிமிர மாட்டேன் என்கிறது, எழும்பும்போது பிள்ளைகள் இரண்டு பக்கமும் கை கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அது தப்பு என்று இப்போது தெரிகிறது. என் முகத்தைப் பார்த்து வளர்ந்த நீ, அரிவரி டீச்சர் என்றால் மரத்தடியில் சிரித்துக்கொண்டு இருப்பவள், அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டாய். மரகதத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறாய். நீ அவளிடம் பிறகு பார்க்கலாம் என்று சொல்வது எனக்குக் கொழும்பிலிருந்து கேட்கிறது, அதே குரல், அதே சிரிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை ஆசிரியர் வகுப்பு முடிந்து மரகதம் என்னைப் பார்க்க வந்தாள். நீ அவளுடைய அப்பாவுக்கும் எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது. முற்றத்தில் கிடந்த ரப்பர் கொட்டைகளை எடுத்துக் கூட்டிக் கூட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "நீங்க வேணாம்னு சொன்னா வேலையை விட்டுடுறேன் அத்தை. அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல" என்றாள். அவங்க என்றது உன்னைத்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தனை வருஷம் எவனெவனோ என் கதவைத் திறப்பானா என்று பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். இப்போது ஒரு பெண் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, சாவி உங்களிடம்தான் இருக்கிறது என்கிறாள். ஒரு பக்கம் நீ, ஒரே பிள்ளை, வாய் திறந்து கேட்டிருக்கிறாய். இன்னொரு பக்கம் அவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பார்க்கலாம் அம்மா என்றேன். சொன்ன வாயை அப்படியே பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது, நானும் அப்படித்தான் ஆட்டுவேன்.

அதனால் திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு மடுல்கெல்லைக்குப் போனேன். கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவிட்டேன். மரகதத்தின் அப்பா பயந்துபோனார், மாப்பிள்ளைக்குக் கோபம் வருமே, ஊர் என்ன நினைக்கும் என்று கையைப் பிசைந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரி நான், தள்ளச் சொல்வது நான், ஊர் நினைப்பதை என்னைப் பற்றி நினைக்கட்டும் என்றேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பென்றால் தப்புத்தான். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்டால் நான் இளகிவிடுவேன் என்றும் தெரியும். தையும் வைகாசியும் ஒன்றும் வேறு வேறு யுகமில்லை. பத்திரம் கையில் இருந்தால் கொழும்பில் அவளைக் கதிரையில் உட்கார வைக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நீ கோபித்துக்கொள், இரண்டு வாரம் எழுதாமல் இரு, பரவாயில்லை. ஆனால் அவள் மேல் கோபப்படாதே. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல்தான் கொட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மரகதத்துக்கு ஒரு கவலை மட்டும் மிச்சம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று அவள் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். அந்த ஒரே அறையில் சின்னதுகள் அழுதால் எல்லாம் கெட்டுப்போகும். அவற்றை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் முடியும்வரை வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும், தோட்டத்தில் எல்லாரும் மலைக்குப் போயிருப்பார்கள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த வேலை. பெரிய வாத்தியார், அன்று நம் சின்னதுகளை யார் பார்ப்பது டீச்சர் என்று கேட்டார். கதிரையில் இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்றேன்.

நீயும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா. முழங்கால் இந்த நிலையில் இருக்கும்போது மலைப்பாதையில் அத்தனை பிள்ளைகளை ஒருத்தியாகப் பிடிக்க என்னால் ஆகாது. அங்கே சுரங்கமும் இல்லை, ரயிலும் இல்லை, வேடிக்கை காட்ட நாம்தான். ஆலைக்குக் கீழே ஒரு மரம் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கதவு தெரியும். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு சின்னது, நம்மளை எப்போது கூப்பிடுவார்கள் என்று நிச்சயம் கேட்கும். அதற்கு நான் ஒரு பதிலைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறேன், அதை இன்னொரு தரம் என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு நீ சொல்.

அம்மா